இருபத்துமூன்றாம் தளம்

கலாண்ட்ராவில் கழிவறை இல்லை என்று
முதலில் கண்டுபிடித்தவன் இம்தியாஸ்.
இரண்டு சீசன், முப்பத்தொரு அத்தியாயம்,
நானூறு பேர் ஏறிய விண்கப்பல்.
ஒருவரும் ஒருதடவைகூடப் போகவில்லை.

இந்த மாதிரியில் இருந்தது.
யாரோ ஒருவர், பெயர் போடாமல்,
முழுக் கப்பலையும் கணினிக்குள் கட்டியிருந்தார்:
நாற்பத்தொரு தளம்,
கமெராவின் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர்கள்,
தொடர் எடுத்தவர்கள் நினைத்தே பார்க்காத
குப்பை வழி, தண்ணீர்த் தாங்கி,
ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு வெட்டு.

வெள்ளிக்கிழமை இரவுகளில் வெள்ளவத்தையில்
டிலோஜனின் அறையிலிருந்து புறப்படுவோம்.
தெஹிவளையிலிருந்து ஹசினி றோல்ஸ் வாங்கி வருவாள்.
கதிரை மூன்று, ஆள் நாலு.
மௌஸ் யார் கையிலோ அவர்தான் கப்டன்.
அங்கே போ, அந்தக் கதவு, ஐயோ தாண்டிவிட்டாய் என்று
மற்றவர்கள் மூன்று மொழியில் கரைச்சல் கொடுப்போம்.
கீழே கடற்கரை ரயில் போகும்போது
ஸ்கிரீன் கொஞ்சம் நடுங்கும்.
இயந்திரம் சூடேறுகிறது என்போம்.

பகலில் நான் கட்டட வரைபடம் கீறுகிறவள்.
கடலை நிரப்பிய நிலத்தில் எழும்பப்போகும்
கண்ணாடிக் கோபுரங்களின்
நான் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றப்போகாத குசினிகளுக்கு
அளவு போடுகிறேன்.
அந்தப் பழக்கம் கப்பலிலும் விடாது.
ஏழாம் தளத்து நடைவழி
கப்பலின் தோலைவிட இரண்டடி நீளம் என்று
நான் சொன்ன இரவில்
இம்தியாஸ் என்னோடு கதைக்கவில்லை.
லிப்டில் இறங்கும்போதுதான், "அது வளைவு" என்றான்.
வளைவில்லை.

இருபத்துமூன்றுக்கு அதுவரை நாங்கள் போனதில்லை.
தொடரில் அது ஒரு பொத்தான் மட்டும்;
அமத்தினால் சிவப்பாக எரியும், லிப்ட் நிற்காது.
இங்கே நின்றது.
பராமரிப்பு வழி. குழாய்கள், கம்பிகள், மஞ்சள் கோடு.
ஒன்றுமில்லை, திரும்புவம் என்றான் டிலோஜன்.

சுவரடியில் ஒரு பிளக் பொயின்ட்.
மேல் ஓட்டைக்குள்
யாரோ பேனை மூடியைச் செருகி
கீழே இரண்டு பின் சார்ஜரைக் குத்தியிருந்தார்கள்.
நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில்
டிலோஜனின் அறைச் சுவரைப் பார்த்தோம்.
அங்கேயும் நீல மூடி.

"மலேசியாவிலும் இப்படித்தான், என் சாச்சி வீட்டில்,"
என்றான் இம்தியாஸ், கப்பலுக்காக வாதாடுகிறவன்போல.
இன்னும் உள்ளே போனோம்.
சொட்டுகிற குழாய்க்குக் கீழே மாஜரின் டப்பா.
பாதி எரிந்த நுளம்புச் சுருள்,
சாம்பல் விழுந்து கிடந்த வட்டம் உட்பட.
விண்வெளியில் நுளம்பா என்று
ஹசினி சிரிக்கத் தொடங்கியவள்
பாதியில் நிறுத்தினாள்.

வழியின் முடிவில் ஒரு தகரப் பலகை.
மேலே சிங்களம், கீழே ஆங்கிலம்,
நடுவில் நெருக்கிக்கொண்டு எங்கள் மொழி:
*கவணம். படி வழுக்கும்.*

மூன்றுசுழி ண!
அரசாங்கப் பலகைகளில்,
பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில்
பார்த்துப் பார்த்துக் கோபம் தேய்ந்துபோன அதே பிழை.
அதற்குமேல் ஒருவரும் மலேசியா என்று சொல்லவில்லை.
திருகாணியை அளந்த அதே கையால்
இதையும் அளந்து, துருவோடு, தொங்கவிட்டிருக்கிறார்.
கேலியா, பாசமா,
அல்லது எழுத்துத் தெரியாத ஒருவர்
பார்த்ததைப் பார்த்தபடி கீறியதா,
அதில்தான் சண்டை பிடித்தோம் விடியும்வரை.

கப்பல் இந்த ஊரில்தான் எங்கோ கட்டப்பட்டது.
கொட்டாஞ்சேனையா, நுகேகொடையா,
அல்லது எதிர்மாடியில்
பின்னிரவிலும் நீலமாக எரிந்துகொண்டிருந்த
அந்த யன்னலா.
டிலோஜன் டோர்ச்சை மூன்றுதரம் அடித்துப் பார்த்தான்.
யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

திங்கட்கிழமை,
கோபுரத்தின் இருபத்துமூன்றாம் மாடி,
பணியாளர் வழி, படிக்கட்டருகே
அறிவிப்புப் பலகை ஒன்றுக்கு இடம் குறித்து
வாசகத்தையும் நானே எழுதினேன்.
சரிபார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாது.
அழித்தேன். பிறகு
திரும்பவும் மூன்று சுழி சுழித்தேன்.